தந்தையின் பெயரும் தலைமுறையின் தொடரும்

லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரான முதல் இந்தியர் யார் என்று வினவினால், நம்மவருள் பலர் கணித மேதை ராமானுஜன் என்றே விடை பகர்வர். அவர் அப்பெருமையை எய்தியது 1918ஆம் ஆண்டில். அதற்கு 77 ஆண்டுகள் முன்பே, 1841ஆம் ஆண்டு மே மாதத்தில், பம்பாயைச் சேர்ந்த பார்சி ஒருவர் அக்கழகத்தின் உறுப்பினராகிவிட்டார். அவர் பெயர் அர்தசீர் கர்சேட்ஜி. விக்டோரியா அரசியார் முடிசூடி மூன்றே ஆண்டுகள் சென்றிருந்த காலம் அது.

அர்தசீர் 1808இல் பிறந்தவர். மரக்கலம் கட்டும் குலத் தொழிலில் பயின்றவராயினும், அவர் உள்ளம் நீராவியின்பாற் சென்றது. 1833இல் 'இண்டஸ்' என்னும் 60 டன் கப்பலைக் கட்டி அதில் நீராவி இயந்திரத்தைப் பொருத்தினார். மறு ஆண்டு மசகானிலிருந்த தம் மாளிகையிலும் தோட்டத்திலும் வாயு விளக்குகளை எரியவிட்டார். அதனைக் காண ஆளுநரே வந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று திரும்பியதும் பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேயர் பணிபுரிவதா என்று முகம் சுளித்தோர் உண்டு. அவரோ தம் வேலையைக் கொண்டே விடையளித்தார். 1851இல் அவர் மிதக்கவிட்ட நீராவிக் கப்பலுக்கு இட்ட பெயர் 'லவ்ஜி ஃபேமிலி', அதாவது லவ்ஜி குடும்பம் என்பதாகும்.

யார் இந்த லவ்ஜி? அவ்வினாவே நம்மை இன்றைய பொருளுக்குள் அழைத்துச் செல்கிறது. லவ்ஜி நசர்வான்ஜி என்பவர் சூரத் நகரத்துத் தச்சர். 1736இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அழைப்பின்பேரில் சில தச்சர்களுடன் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் சென்றவரே அவரும், நம்மைப் போல. அவர் வழிவந்தோர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பம்பாய்க் கப்பல் துறையின் தலைமைக் கட்டுநராய் விளங்கினர். அவர்கள் 1817இல் கட்டிய 'திரிகோணமலை' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் காட்சிக்கு நிற்கிறது.

நாம் வாழும் இடக்கொச்சிக்கும் இக்கதைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. அக்கப்பல்களுக்கு வலிவு தந்தது தேக்கு. அத்தேக்கை ஈந்தவற்றுள் தலையாயவை மலபார்க் காடுகள். இதே கொச்சியிலும் பிரிட்டிஷ் கடற்படைக்காக 'அலிகேட்டர்' 1821லும் 'சமராங்' 1822லும் தேக்கினாலேயே கட்டப்பெற்றன. அக்கப்பல்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. அவற்றை இழைத்த கைகளுக்கு உரியோர் யார், எவ்வூரார், எவர் மக்கள் என்பதை அறிய நமக்கு எளிய வழி இல்லை. பம்பாய்த் தச்சர் குடும்பத்தைப் பற்றி மட்டும் இவ்வளவு தெரிவானேன்?

அவர்கள் எழுதி வைத்தார்கள் என்பதே காரணம். அர்தசீர் தாம் இங்கிலாந்து சென்ற பயணத்தை நாட்குறிப்பாக எழுதி 1840இல் அச்சிட்டார். அக்குடும்பத்து இளைஞர் இருவர், ஜஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும், பிரிட்டனில் தங்கிய நாட்களை மறு ஆண்டே நூலாக்கினர். ருத்தன்ஜி அர்தேசிர் வாடியா 1955இல் பம்பாய்க் கப்பல் துறையின் வரலாற்றையும் தம் குலத்தின் வரலாற்றையும் ஒருங்கே தொகுத்து வெளியிட்டார்.

அவர்கள் பெயர் வைக்கும் முறையும் தேடுவோருக்குத் துணை நின்றது. அர்தசீர் கர்சேட்ஜியின் தந்தை கர்சேட்ஜி ருஸ்தம்ஜி. தன் பெயர் முன்னும் தந்தை பெயர் பின்னுமாக, சங்கிலிக் கண்ணிகள் போல் ஒன்று மற்றொன்றைப் பற்றி நிற்கின்றன. நம் தலைப்பெழுத்து முறையும் ஏறத்தாழ இதுவே. அங்கே முழுப் பெயர். இங்கே ஓர் எழுத்து. அவ்வளவே வேற்றுமை.

ஆனால் அச்சங்கிலியும் ஓரிடத்தில் நழுவியது. அர்தசீருக்குப் பம்பாயில் பார்சிக் குடும்பம் இருந்தது. அதனோடு மரியன் பார்பர் என்னும் ஆங்கிலப் பெண்மணியுடனும் அவர் வாழ்ந்தார், மக்களும் பிறந்தனர். முதுமையில் லண்டனை அடுத்த ரிச்மண்டில் தங்கி, 1877இல் அங்கேயே காலமானார். மகனுக்குக் கஸ்தாஸ்ப் அர்தசீர் என்று பெயர். தந்தை பெயரைப் பின்னே சேர்ப்பது பார்சி வழக்கு. ஆங்கில ஏடுகளிலோ பின்னே நிற்பது குடும்பப் பெயர். ஆதலின் பம்பாயில் 'வாடியா' என்று தேட வேண்டியவர்களை இங்கிலாந்தில் 'அர்தசீர்' என்று தேட வேண்டியதாயிற்று. வாடியா என்ற சொல் அக்கிளையினின்று மறைந்தது. எனினும் மகளின் பெயரை நோக்குங்கள்: லவ்ஜி ஆன்னி. சூரத்திலிருந்து வந்த மூதாதையின் பெயர் ஓர் ஆங்கிலப் பெண்மகவின் பெயரில் தங்கிவிட்டது! இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்பு இறப்புப் பதிவு உண்டு. 1851 முதல் குடிக்கணக்கு ஏட்டில் ஒவ்வொருவரும் பிறந்த ஊரும் குறிக்கப்படுகிறது. இத்தகைய ஏடுகளும் இத்தகைய ஒரு பெயரும் இருந்தால், அறுந்த கிளையையும் அடிமரத்தோடு பொருத்திவிடலாம்.

நேயர்களே, பிற மாநிலங்களில் வாழும் நம் வீடுகளில் இன்று நிகழ்வதும் இதுவே. பள்ளியில் சேர்க்கும்போது, "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்கிறார்கள். நாம் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைத் தருகிறோம். அது குழந்தையின் குடும்பப் பெயராகி, பேரனுக்கும் தொடர்கிறது. ஒருவர் ஊர்ப் பெயரைத் தருகிறார். அவர் தம்பி வேறு மாநிலத்தில் தந்தை பெயரைத் தருகிறார். இரண்டு தலைமுறை கழிந்தால் உடன்பிறந்தார் மக்கள் ஏட்டளவில் உறவற்றோர் ஆகின்றனர். பெண்மக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது; மணமானதும் தலைப்பெழுத்தே மாறிவிடுகிறது.

அரசாங்க ஏடுகள் காப்பாற்றும் என்று இருந்துவிடலாகாது. நம் நாட்டில் குடிக்கணக்கில் தனியாள் பற்றி எழுதப்படுபவை, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிறர் பார்வைக்கு உரியன அல்ல. ஆகவே நம் ஏட்டை நாமே எழுத வேண்டும்.

அது பெரும் பணியன்று. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டு முதியோரிடம் அவர்தம் பெற்றோர், பாட்டன், பாட்டி பெயர்களைக் கேட்டு, பெண்வழிப் பெயர்களையும் விடாது, பிறந்த ஊருடன் குறியுங்கள். தலைப்பெழுத்து எதன் சுருக்கம் என்பதை விரித்தெழுதுங்கள். குலதெய்வக் கோயில் எவ்வூரில் என்பதையும், ஊரை விட்டு எந்த ஆண்டில், என்ன வேலைக்காகப் புறப்பட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். பழைய பத்திரங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் இருப்பின் ஒப்பிடுங்கள். ஹரித்துவாரப் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளிலும், கிறித்தவ அன்பர்கள் தத்தம் தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம். தமிழ் படிக்க அறியாத பிள்ளைகளுக்காக, அவர்கள் படிக்கும் எழுத்திலும் ஒரு படி எழுதி வையுங்கள்.

அர்தசீருக்கு 1969இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. நம் பாட்டன்மாருக்கு அஞ்சல் தலை வரப்போவதில்லை. அவர்கள் பெயர் நிலைபெற இருக்கும் ஒரே இடம் நாம் எழுதும் அந்த ஏடுதான். கேட்டால் சொல்லக்கூடிய முதியோர் வீட்டில் இருக்கும்போதே அதனைத் தொடங்குவோமாக.