பிரேக் நிறுத்துறதுக்கு இல்ல, நிக்கிறதுக்கு

போன எபிசோடு வந்த மறுநாள் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. கோயம்புத்தூர்ல மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தம்பி. "அண்ணா, இன்டர்ன்ஷிப்ல வந்த ஸ்டைபெண்டை அப்படியே சேர்த்து வச்சிருக்கேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு 26 இன்ச் ட்ரையல்ஸ் பைக் வாங்கிட்டேன். இப்ப கார்பன் ஃபோர்க் போடவா, லைட் வீல் போடவா, இல்ல பிரேக்கை மாத்தவா?" இன்னைக்கு எபிசோடு முழுக்க அவனுக்கான பதில்தான்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம். நான் சொல்ற ட்ரையல்ஸ் பைக் மோட்டார் வண்டி இல்ல, சைக்கிள். சீட் இருக்காது, கியர் இருக்காது. பாறை, மரக்கட்டை, கான்க்ரீட் பிளாக்னு எல்லாத்து மேலயும் கால் தரையில படாம ஏறி இறங்கணும். ஸ்பெயின்ல கத்தலோனியா பக்கம் மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸ்ல இருந்து வளர்ந்த விளையாட்டு இது. நம்மள்ல நிறைய பேருக்கு அறிமுகமானது 2009-ல வந்த டேனி மெக்கஸ்கில் வீடியோ மூலமா. எடின்பரோவில கூர்முனை வச்ச இரும்பு வேலி மேல சைக்கிள் ஓட்டுவாரே, அவர்தான். அப்ப அவர் ஒரு சைக்கிள் கடை மெக்கானிக்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சாதாரண சைக்கிள்ல பிரேக் எதுக்கு? ஓடுற வண்டியை நிறுத்த. ட்ரையல்ஸ்ல வண்டி பெரும்பாலும் ஓடுறதே இல்ல. பின் சக்கரத்துல மட்டும் நின்னுக்கிட்டு, முன் சக்கரத்தை அந்தரத்துல வச்சுக்கிட்டு, அடுத்த பாறையைப் பார்க்கிறோம். அந்த நேரத்துல நம்மளை நிக்க வைக்கிறது பின் பிரேக். அடுத்த பாறைக்குப் பாயணும்னா பிரேக்கை விடணும், பெடலை ஒரு உதை உதைக்கணும், அங்க போய் இறங்கின உடனே மறுபடி பிரேக் பிடிக்கணும். எல்லாம் ஒரு நொடிக்குள்ள.

இதுல கவனிங்க. பிரேக்கை விட்ட அந்தக் கணத்துல உங்க முழு எடையையும் செயின் வாங்கிக்குது. இறங்கினதும் செயின் அதைத் திரும்ப பிரேக்கிட்ட கொடுக்குது. ரெண்டு பேர் கைமாத்திக் கைமாத்தி உங்களைத் தூக்கிட்டுப் போற மாதிரி. ஒருத்தர் பலசாலியா இருந்து இன்னொருத்தர் சோப்ளாங்கியா இருந்தா, கீழ விழுறது நாமதான். பாகம் வாங்கும்போது நான் கேட்கிற கேள்வி இது ஒண்ணுதான்: கைமாறுற அந்தக் கணத்துல இது வழுக்குமா?

ரிம் பிரேக்கா, டிஸ்க்கா?

முதல்ல கணக்கு. 26 இன்ச் சக்கரத்தோட ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர். அதாவது மையத்துல இருந்து சுமார் 280 மில்லிமீட்டர் தள்ளி ரிம் பிரேக் பிடிக்குது. 160 மில்லிமீட்டர் டிஸ்க் போட்டா அந்தத் தூரம் 80-க்கும் கம்மி. அதே திருப்பு விசையைத் தாங்க, டிஸ்க் மூணரை மடங்குக்கு மேல இறுக்கிப் பிடிக்கணும். கதவைக் கைப்பிடி பக்கம் தள்ளுறதுக்கும் கீல் பக்கம் தள்ளுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதனாலதான் பின்னாடி மகுரா எச்எஸ்33 மாதிரி ஹைட்ராலிக் ரிம் பிரேக்கை இன்னும் நிறைய பேர் விடல. அலுமினிய ரிம்மோட பக்கவாட்டை ஆங்கிள் கிரைண்டரால லேசா கீறி சொரசொரப்பாக்கிடுவாங்க. ரிம்மைப் பாக்கவே சங்கடமா இருக்கும், பிரேக் பிடிச்சா தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். ஆனா பூட்டுப் போட்ட மாதிரி நிக்கும். கொடுக்க வேண்டிய விலை என்னன்னா, பேட் சீக்கிரம் தேயும், அப்பப்ப ரிம்மைத் திரும்பக் கீறணும், சக்கரம் கோணினா பிரேக்கும் கோணும். இந்த பிரேக் அழுத்துற அழுத்தத்துல ஃபிரேமோட பின் குழாய்களே வெளிப்பக்கம் விரியும். அதைத் தடுக்க பூஸ்டர்னு ஒரு வளைவுப் பட்டை போடுவாங்க. பிரேக் பிடிச்சுப் பாரு. குழாய் விரியறது கண்ணுக்குத் தெரிஞ்சா, புது பிரேக் வாங்குறதுக்கு முன்னாடி பூஸ்டர் வாங்கு.

டிஸ்க்குக்கு வேற பலம் உண்டு. சக்கரம் கோணினாலும் கவலை இல்ல, சத்தம் கம்மி, கிரைண்டர் தேவையில்ல. போட்டிக்குப் போறவங்கள்ல நிறைய பேர் இப்ப ரெண்டு பக்கமும் டிஸ்க்தான் போடுறாங்க. ஆனா டிஸ்க்குக்கு எமன் எண்ணெய். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரு துளி பேட்ல தெறிச்சாப் போதும், பிடி போயிடும். இன்னொண்ணு, காலிப்பருக்குள்ள பேட் ஆடுறதுக்கு மயிரிழை இடம் இருந்தாக்கூட, பின் சக்கரத்துல நிக்கும்போது 'டக் டக்'னு முன்னும் பின்னும் அசையும். ரோட்ல ஓட்டுறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. நமக்குப் பயத்தைக் கிளப்பும்.

என் யோசனை: உன் ஃபிரேம்ல எதுக்கு மவுண்ட் இருக்கோ அதையே வச்சுக்கோ. பிரேக்கை மாத்துறதை விட இருக்கிற பிரேக்கைச் சரியா செட் பண்றதுலதான் பாதி வித்தை இருக்கு. லிவரை ஒரே விரலால பிடிக்கணும், மத்த மூணு விரலும் ஹேண்டில்பாரை விடக்கூடாது. லிவர் பாதி வழி வர்றதுக்குள்ள பிடிச்சிடணும்.

ஆயில் விஷயத்துல கவனம். மகுரா, ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஹோப் பிரேக்குக்கு டாட் ஃப்ளூயிட். டாட் 4, டாட் 5.1 எல்லாம் சென்னை ஜி.பி. ரோடு மாதிரி டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற எந்த ஏரியாவுலயும் கிடைக்கும். ஆனா கிடைக்குதேன்னு மினரல் ஆயில் பிரேக்ல டாட் ஊத்திடாத. உள்ள இருக்கிற ரப்பர் சீல் உப்பிக் கெட்டுப்போகும். எச்எஸ்33-ல தண்ணி ஊத்துற ரைடர்ஸும் இருக்காங்க. தண்ணி ஆயிலை விட இளக்கமா இருக்கிறதால லிவர் சட்டுனு திரும்பும். ஐரோப்பாவுல குளிர்காலத்துல அது உறைஞ்சிடும், நமக்கு அந்தப் பிரச்சினை இல்ல. ஆனாலும் கம்பெனி சொல்றது ஆயில்தான். முதல் பைக்ல ஆயிலோடயே இரு.

இப்ப செயின் பக்கம்

ட்ரையல்ஸ் பைக்ல ஃப்ரீவீல் பின்னாடி இருக்காது, பெரும்பாலும் முன்னாடி கிராங்க்ல இருக்கும். அதனால பெடலை நிறுத்தினாலும் சக்கரம் சுத்துற வரைக்கும் செயின் சுத்தும். ஷூ லேஸ், விரல் எல்லாம் ஜாக்கிரதை.

ஃப்ரீவீல் ஒரு சுத்துல எத்தனை இடத்துல பிடிக்குதுங்கிறதுதான் முக்கியம். 170 மில்லிமீட்டர் கிராங்க்னு வச்சுக்கோ. 20 இடத்துல பிடிச்சா, பெடல் 5 சென்டிமீட்டர் வரைக்கும் சும்மா போய்த்தான் பிடிக்கும். 72 இடம்னா ஒன்றரை சென்டிமீட்டர். 108 இடம்னா ஒரு சென்டிமீட்டர். பிரேக்கை விட்டுட்டு உதைக்கிற அந்த நொடியில 5 சென்டிமீட்டர் வெறுங்காலா போறது, மாடிப்படியில இல்லாத கடைசிப் படியை மிதிக்கிற மாதிரி.

ஆனா 108-தான் வேணும்னு இல்ல. பல் சின்னதாக ஆக ஆக அழுக்கு, தேய்மானம் எல்லாத்தையும் பொறுத்துக்கிறதும் குறையும். நல்ல 72 போதும். அதுக்கே இங்க ஒரு சாதா சைக்கிள் விலை வரும்.

மூணு வருஷம் முன்னாடி நான் பண்ணின முட்டாள்தனத்தைச் சொல்லணும். இருந்த காசையெல்லாம் பிரேக்ல போட்டேன். புது பேட், புது ஹோஸ், எல்லாம் பக்கா. செயின் மட்டும் டிராயர்ல கிடந்த பழசு. அதோட பின்னைத் திரும்ப அடிச்சு மாட்டினேன். இடுப்பு உயரம்கூட இல்லாத ரெண்டு கான்க்ரீட் பிளாக். பிரேக்கை விட்டேன், உதைச்சேன், செயின் அறுந்தது. சைக்கிள் அங்கேயே நின்னது, நான் மட்டும் போனேன். கையை ஊன்றி மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. ஆறு வாரம் கட்டு. ஒரு கையால கோடு அடிச்சேன், சட்டை பட்டனை அம்மா போட்டுவிட்டாங்க. அவங்க ஒரு வார்த்தை திட்டல. அதான் ரொம்ப வலிச்சது. அந்தச் செயினுக்குப் பதிலா ஒரு புதுச் செயின் வாங்கியிருந்தா, அந்த பைக்லயே விலை கம்மியான பாகம் அதுவாத்தான் இருந்திருக்கும்.

தம்பிக்கு வரிசை

முதல் செலவு, புது ஸ்டீல் செயின். ரெண்டாவது, பின் பிரேக்குக்கு புது பேட், நல்லா ஒரு பிளீட். மூணாவது, ஃப்ரீவீலைச் சோதி: சுவரைப் பிடிச்சுக்கோ, பின் பிரேக்கை அழுத்து, முன்னாடி இருக்கிற பெடல் மேல மெதுவா முழு எடையையும் இறக்கு. 'டக்'னு வழுக்கினா அதைக் கழட்டிப் போடு. நாலாவது, ஹேண்டில்பார், ஸ்டெம், ஃபோர்க் மூணையும் துடைச்சு, வெளிச்சத்துல வெடிப்பு இருக்கான்னு பாரு. அலுமினியம் பெரும்பாலும் சொல்லிட்டு உடையாது. எத்தனை தடவை விழுந்ததுன்னு தெரியாத பழைய பாரை நான் நம்ப மாட்டேன், மாத்திடுவேன். அஞ்சாவது, ஹெல்மெட், முழங்கால் கார்டு, ஷின் கார்டு.

கார்பன் ஃபோர்க்? காசு மீதி இருந்தா அடுத்த வருஷம் பேசலாம். 200 கிராம் குறைஞ்சதால யாரும் புதுசா ஒரு பாறை ஏறிடல. ஆனா பிரேக் வழுக்காதுன்னு உடம்பு நம்ப ஆரம்பிச்ச அன்னைக்கு, நேத்து வரைக்கும் தயங்கின இடத்துல காலை எடுத்து வைப்ப.

செயின் மாத்தினதும் ஒரு வாய்ஸ் நோட் போடு தம்பி. பிரேக் அலறுற சத்தத்தோட. அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.