இரவின் தூது

மூளையின் நடுவே கூம்புச் சுரப்பி என்றொரு சிற்றுறுப்பு உண்டு. இருள் சூழ்ந்ததும் அது மெலற்றோனின் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றது, விடிந்ததும் அடங்கிவிடுகின்றது. இரவில் உறங்கும் மனிதனுக்கும், இரவெல்லாம் இரைதேடிப் பகலில் உறங்கும் எலிக்கும் இது பொதுவானது. ஆகவே இதனை உறக்கப் பொருள் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இரவு வந்தது, இவ்வளவு நேரம் நீண்டது என்று உடலுக்கு அறிவிக்கும் தூது என்பதே தகும்.

யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவராகிய ஆரன் லேர்னரும் அவருடன் உழைத்தோரும் 1958இல் மாடுகளின் கூம்புச் சுரப்பிகளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். தவளைத் தோலை வெளிறச் செய்யும் பொருளையே அவர்கள் தேடினர். தூது குருதியோடு உடலெங்கும் செல்கின்றது. அதனைப் பெறுவோர் யாவர்? கலங்களில் அமைந்துள்ள வாங்கிகள் என்னும் புரதங்களே அதனைப் பற்றிக்கொள்கின்றன. வாங்கியில்லா இழையத்துக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கேயாகும்.

வாங்கிகள் மிகச் சொற்பமாதலின், அவற்றைக் காண்பது அரிதாயிருந்தது. கதிர்வீசும் அயடீன் 125 இணைந்த மெலற்றோனின் 1980களிற் கிடைத்த பின்னரே வழி திறந்தது. உறையவைத்த இழையத்தை மெல்லிய சீவல்களாக்கி, அச்சேர்வையில் ஊறவைத்துக் கழுவி, படத்தகட்டோடு சேர்த்து இருளில் வைப்பர். பற்றிய இடமெல்லாம் தகட்டிற் கருமையாய்ப் பதியும். ஆயினும் கருமை யாவும் வாங்கியன்று. வெறுமனே ஒட்டியதும் அதில் உண்டு. ஆதலின் அடுத்த சீவலில் கதிர்வீசா மெலற்றோனினையும் மிகுதியாகச் சேர்ப்பர். அது வாங்கிகளை நிரப்பிவிட, எஞ்சும் கருமை வெறும் ஒட்டென்று கழிக்கப்படும். இக்கழித்தலின்றிச் செய்யும் ஒப்பீடு ஒப்பீடாகாது.

இவ்வாறு பார்த்தபோது விலங்குக்கு விலங்கு வேறுபாடு தோன்றிற்று. கோழியில் விழித்திரையிலும், மூளையின் பார்வைப் பகுதிகளிலும் பற்று பரந்து காணப்பட்டது. மனிதனில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே நாட்கடிகாரமாய் இயங்கும் சிறு நரம்புத் திரளில் அதனை 1988இல் ரெப்பேட் குழுவினர் கண்டனர். செம்மறியிலோ கபச் சுரப்பியின் காம்பைச் சூழ்ந்த பகுதியே செறிந்து விளங்கிற்று. பெரற் என்னும் சிறு ஊனுண்ணியில் கபச் சுரப்பியிற் பற்று இருந்தது, மூளையில் இல்லை.

இன்னுமொரு விந்தை: சைபீரிய ஹம்ஸ்ரர் என்னும் சிறு கொறிணியிலும் அக்காம்புப் பகுதியிற் பற்று உண்டு. ஆனால் நீண்ட இரவு செம்மறியை இனப்பெருக்கத்துக்குத் தூண்டுகின்றது. ஹம்ஸ்ரரின் இனப்பெருக்கத்தையோ நிறுத்திவிடுகின்றது. தூது எங்கே பற்றிற்று என்பதைப் படம் காட்டும். பற்றியபின் விளைவது யாதென்று காட்டாது.

அமெரிக்காவில் மருத்துவர் சீட்டின்றியே மெலற்றோனின் மாத்திரை விற்கப்படுகின்றது. அதன் நன்மைக்கு விலங்குச் சோதனையைச் சான்று காட்டுவோரிடம், எவ்விலங்கு, எவ்விழையம், எவ்வாங்கி என்று நேயர்கள் கேட்டல் வேண்டும். பாலூட்டிகளில் மெலற்றோனின் வாங்கிகள் இரண்டே வகையென 1990களில் மரபணு ஆய்வுகள் காட்டின. ஆனால் ஹம்ஸ்ரரின் சிறுநீரகம் முதலிய இழையங்களில், பற்று வலுக்குறைந்த வேறோர் இடமும் காணப்பட்டது. மூன்றாம் வாங்கி என்றே அதற்குப் பெயரிட்டனர். 2000ஆம் ஆண்டில் அதனைப் பிரித்து ஆராய்ந்தபோது, அது வாங்கியே அன்று, குயினோன் ரிடக்ரேஸ் 2 என்னும் நொதியம் என்று தெரிந்தது.