வீட்டில் கொத்து வேலையா? வாயில்லாப் பிராணியையும் நினையுங்கள்



குடும்ப நலத்தைப் பற்றிப் பேச வந்தவர் நாயையும் பூனையையும் பற்றி ஏன் பேசுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வீட்டுப் பிராணி ஒன்று மிரண்டால், அதன் பல் படுவது நம் பிள்ளையின் கையில்தான். இல்லாவிட்டால், நம் வீட்டுக்குக் கூலி வேலைக்கு வந்த யாரோ ஒருவரின் காலில்தான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கல்யாணம், வளைகாப்பு என்று வந்தால் வீட்டைப் பழுது பார்க்கிறோம். எந்தக் கொத்தனார், மணல் எத்தனை லோடு, சுவருக்கு என்ன நிறம் என்று இரவெல்லாம் பேசுகிறோம். ஆனால், வாசலில் படுத்திருக்கும் மணி இனி எங்கே படுக்கும் என்று யாரும் பேசுவதில்லை. "அதுக்கென்ன, எங்கேயாவது கிடக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் அப்படித்தான் விட்டார்கள். மூத்த மகளின் கல்யாணத்துக்காகப் பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் வாரத்திலேயே, ஜல்லி லாரி வருவதற்காகக் கேட்டைத் திறந்து போட்டார்கள். சத்தத்துக்குப் பயந்து நாய் ஓடிப்போனது. இரண்டு நாள் கழித்துக் காதில் கடிபட்டுத் திரும்பியது. மஞ்சள் பூசினார்கள், புண் ஆறியது, மறந்துபோனார்கள். "தடுப்பூசி போட்டிருக்கா?" என்று பிறகு நான் கேட்டபோது, "வீட்டு நாய்தானேங்க" என்றார்கள்.

ஏழு வாரம் போயிற்று. நாய் சோற்றைத் தொடவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருட்டில் ஒண்டிக்கொண்டது. யாராவது கிட்டப் போனால் சீறியது. "மிஷின் சத்தத்துக்கு மிரண்டு கிடக்கு, வேலை முடிஞ்சா சரியாப் போயிடும்" என்றார் வீட்டுக்காரர். அந்தப் படிக்கு அடியிலிருந்து சாந்துச் சட்டியை எடுக்கக் குனிந்த சித்தாள் அம்மாளின் கையை நாய் கவ்விவிட்டது. அவர் கடிவாயில் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு, "போனா அரை நாள் கூலி போயிடும்" என்று மறுபடி சட்டியைத் தூக்கினார். அந்த வீட்டுப் பாட்டிதான் விடவில்லை. "கூலியை நான் தர்றேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போ தாயி" என்று பேரனையும் கூட அனுப்பி வைத்தார்.

நாலாம் நாள் நாய் செத்துப்போனது. வெறிநோய்தான். சித்தாள் அம்மாள் எல்லா ஊசியையும் தவறாமல் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் நல்லபடியாக வேலைக்குப் போய் வருகிறார். நாய்க்குச் சோறு வைத்த, அதைக் கொஞ்சிய பிள்ளைகளும் ஊசிக்கு வரிசையில் நின்றார்கள். பாட்டியின் அந்த ஒரு சொல் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? பயந்த நாய் சோறு தின்னாது, ஒளிந்துகொள்ளும், சீறும். வெறிநோய் கண்ட நாயும் பல சமயம் அப்படித்தான் தொடங்கும். வீட்டில் இடிக்கிற சத்தம் இருக்கும்போது, இது பயமா நோயா என்று நம்மால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டும். பிராணியைப் பயப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வீட்டுக்குக் காவல்.

என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வேலை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே நாயையும் பூனையையும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். போட்ட அன்றே பலன் வராது. உடம்பில் எதிர்ப்பு ஏற மூன்று நாலு வாரம் ஆகும். அதனால்தான் ஒரு மாதம் என்கிறேன். மறு ஊசி எப்போது என்று மருத்துவரிடமே கேட்டுக் குறித்து வையுங்கள்.

அடுத்து, பிராணிக்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள். கடைசியாக வேலை நடக்கப்போகும் அறையோ, பின்கட்டோ எதுவானாலும் சரி. பழைய சாக்கு, தண்ணீர்ச் சட்டி, சோற்றுத் தட்டு எல்லாவற்றையும் ஒரு வாரம் முந்தியே அங்கே வைத்துப் பழக்குங்கள். சாக்கைத் துவைக்க வேண்டாம். தன் வாசனை இருந்தால் அதற்குத் தைரியம். நம் காதுக்கு எட்டாத மெல்லிய கீச்சு ஒலிகூட நாய்க்கும் பூனைக்கும் கேட்கும். டைல்ஸ் அறுக்கிற மிஷின் நமக்கே காதைக் குடைகிறதே, அதுகளுக்கு எப்படி இருக்கும், பாருங்க. அந்த நேரத்தில் கதவைச் சாத்தி, வீட்டு ஆள் ஒருவர் கூட இருங்கள். வாய்ப்பிருந்தால் பகலில் பழகிய சொந்தக்காரர் வீட்டில் விட்டு, சாயங்காலம் கூட்டி வாருங்கள். சோறு வைக்கிற நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். சாரத்தில் கட்டிப் போடுவது கூடவே கூடாது. மிரண்டு இழுத்தால் சாரமும் சரியும், கழுத்தும் நெரியும்.

கேட்டுக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். கொத்தனாரிடமும் சித்தாளிடமும் முதல் நாளே, "நாய் இந்த அறையில் இருக்கு, திறக்காதீங்க, தடவிக் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதே சொல்தான். தூங்குகிற நாயையும், சாப்பிடுகிற நாயையும், ஒளிந்திருக்கிற நாயையும் தொடக்கூடாது.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குவித்த மணலைக் கண்டால் பூனை அதில் மலம் கழித்து மூடிவிடும். அந்த மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். கர்ப்பிணிக்கு அது புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். இதற்காகப் பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டு வராதீர்கள். மணலைத் தார்ப்பாயால் மூடுங்கள், அது போதும். மாசமாக இருக்கும் பெண்ணும் சிறு பிள்ளைகளும் அந்த மணலை அளைய வேண்டாம். அளைந்துவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சித்தாள்களிலும் கர்ப்பிணி இருக்கலாம், அவருக்கும் சொல்லுங்கள். குழாய்க்குள்ளும் பரண் இடுக்கிலும் பூனை புகுந்துகொள்ளும். எதையும் பூசி அடைக்கும் முன் பூனை எங்கே என்று பார்த்துவிட்டு அடையுங்கள்.

பெயிண்டுக்கு வருவோம். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் காரீயம் கூடுதலாக இருந்திருக்கலாம். பழைய ஜன்னலையும் கதவையும் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் தரையில் படியும். நாய் பாதத்தை நக்கும். நாயைக் கட்டிப்பிடித்த குழந்தை விரலைச் சூப்பும். காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஈரப்படுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். தூளை ஈரத்துணியால் துடையுங்கள். துடைத்து முடியும்வரை பிள்ளையும் பிராணியும் அந்த அறைக்கு வர வேண்டாம். கூண்டுப் பறவைகளுக்குப் பெயிண்டு நெடியே ஆபத்து. வாசனை போகும்வரை வேறு வீட்டில் வையுங்கள்.

ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் பாதத்தை வேகவைத்துவிடும். மிதித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உடம்பில் பெயிண்டு ஒட்டினால் மண்ணெண்ணெய், டர்பன்டைன் போட்டுத் துடைக்காதீர்கள். அந்த முடியை வெட்டிவிடுங்கள். பூனை இருக்கும் வீட்டில் பினாயில் ஊற்றித் தரை துடைப்பதும் தவறு. பினாயிலில் இருக்கும் விஷத்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஈரப்பாதத்தை நக்கினாலே கெடுதல்.

இவ்வளவு பார்த்தும் கடி விழுந்துவிட்டால்? மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி இலவசம். முதல் ஊசி போட்ட நாளை சைபர் என்று வைத்து, 3, 7, 28-ஆம் நாட்களில் மறு ஊசி. சதையில் போடும் முறையானால் 14-ஆம் நாளும் உண்டு. இரத்தம் வந்த கடியானால், கடிவாயிலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயப்பட வேண்டாம். அந்தப் பழைய ஊசி நம் நாட்டில் நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. கடித்த நாயை 10 நாள் கவனிக்க வேண்டும். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது. அதற்கு முன் வந்தால் காப்பாற்றலாம்.

கடைசியாக ஒன்று. கடிபட்டவர் கூலி ஆள் என்றால், போன கூலியைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்; எல்லா ஊசியும் முடியும்வரை விசாரியுங்கள். நாய் நம்முடையது, பொறுப்பும் நம்முடையதுதான்.

அடுத்த முறை மேஸ்திரியோடு உட்கார்ந்து கணக்குப் போடும்போது, சிமெண்டு இத்தனை மூட்டை, ஜல்லி இத்தனை யூனிட் என்று எழுதும் தாளின் தலைப்பிலேயே, "மணிக்கு ஊசி, மணிக்கு இடம்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.