நடக்கும் தூரத்தைக் கேளுங்கள்



தண்டுவடக் குழாய்ச் சுருக்கம் பற்றிய கருத்தரங்கை ஊரப்பாக்கத்தில் கூட்டியிருப்பது பொருத்தமே. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் எழுந்துள்ள அடுக்ககங்களில், பணி ஓய்வுக்குப் பின் குடிவந்த பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அங்கே வண்டி ஏறுவதற்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் வெளிப்படாத இந்நோய், இப்படி நடக்கும்போதுதான் வெளிப்படுகிறது.

“கொஞ்ச தூரம் நடந்தா கால் ரெண்டும் மரத்துப் போவுது; உட்கார்ந்தா சரியாயிடுது.” நம்மிடம் வரும் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கூடவே ஒரு எம்.ஆர்.ஐ. உறையையும் நீட்டுகிறார்கள். நாமோ உறையை முதலில் பிரிக்கிறோம். இந்த வரிசையை மாற்றவேண்டும் என்பதே என் உரையின் சாரம்.

முதுகுத் தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குழாய்க்குள் ஓடுவது நரம்பு வேர்களின் கற்றை. வயது ஏற ஏற முன்புறத்தில் டிஸ்க் பிதுங்குகிறது, பின்புறத்தில் மஞ்சள் தசைநார் தடிக்கிறது, பக்கவாட்டு மூட்டுகள் பருக்கின்றன. நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில்தான் இந்த நெருக்கடி மிகுதி. நிமிர்ந்து நின்றால் குழாய் மேலும் குறுகும்; குனிந்தால் சற்றே விரியும். அதனால்தான் இந்நோயாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ மிதித்தோ நெடுந்தூரம் போய்விடுவார், வெறுங்கையோடு நடந்தால் தெருமுனையில் நின்றுவிடுவார். ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறுவதைவிட இறங்குவதே அவருக்குச் சிரமம்.

இதை மருத்துவ உலகம் தெளிவாகப் புரிந்துகொள்ள நாளாயிற்று. நெதர்லாந்து அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954இல் எழுதிய கட்டுரையே திருப்புமுனை. அவருடைய நோயாளிகளைப் படுக்கவைத்துச் சோதித்தால் குறை எதுவும் தெரியாது. நிற்கவும் நடக்கவும் வைத்தால்தான் தெரியும். குழாயின் முன்பின் அகலம் 10 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் முழுச் சுருக்கம், 10 முதல் 12 வரை சார்புச் சுருக்கம் என்று பின்னர் அவர் வகுத்தார்.

ஆனால் அளவுகோல் மட்டும் நோயைச் சொல்லிவிடாது. முதுகுவலியே அறியாத 67 பேரை 1990இல் அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் குழாய் சுருங்கியிருந்தது. அவர்களுக்கோ எந்தத் தொல்லையும் இல்லை. படத்தைப் பார்த்து அறுக்கப் புறப்பட்டால் எத்தனை பேரை வீணாக அறுப்போம் என்று எண்ணிப் பாருங்கள். மறுபுறம், கால் இரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலிக்கும். ஆனால் அங்கே உட்காரவேண்டியதில்லை, நின்றாலே தணியும். பாத நாடியைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் புரிந்துவிடும். சர்க்கரை நோயின் பாத எரிச்சலோ குனிவதால் குறையாது.

சிகிச்சைக்கு வருவோம். உடற்பயிற்சியையும் அறுவையையும் 169 பேரிடம் ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டாண்டு முடிவில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. ஆனால் பயிற்சிக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் அறுவைக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியை 400 பேரிடம் சோதித்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், மரப்பு மருந்து மட்டும் போட்டதைவிட ஆறு வாரத்தில் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. நெருக்கத்தை நீக்குவதோடு எலும்புகளைத் திருகு போட்டு இணைப்பதால் கூடுதல் நன்மை இல்லை என்று 247 பேரைக் கொண்டு சுவீடன் 2016இல் காட்டியது. அதே ஆண்டின் சிறிய அமெரிக்க ஆய்வொன்று சிறு நன்மை இருப்பதாகச் சொன்னது. இதை நம் அமர்வுகள் விவாதிக்கட்டும்.

காத்திருக்கக் கூடாத இடங்களும் உண்டு. சிறுநீர் கட்டினாலோ, இருக்கைப் பகுதி மரத்தாலோ அன்றே அறுவை அரங்கு தேவை. கழுத்துக் குழாய் சுருங்கி, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறி, நடை தள்ளாடினால் காலம் தாழ்த்துவது ஆபத்து.

நம் மண்ணுக்கே உரிய ஒரு பாடமும் இருக்கிறது. வெர்பீஸ்டுக்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய ஆய்வாளர்கள் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டதை எழுதினார்கள். குடிநீரில் மிகுந்த ஃப்ளோரைடால் எலும்பு தடித்து, தசைநார்கள் எலும்பாகி, முதுகு இரும்புபோல் இறுகியிருந்தது. இந்த ஃப்ளோரைடு நோய் முற்றினால் குழாயும் சுருங்கித் தண்டுவடத்தையே நசுக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் இந்தத் துன்பத்தை நெடுங்காலம் அனுபவித்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. அங்கே சிகிச்சை மேசையைவிடக் குடிநீர்க் குழாய்தான் அதிகம் பேரைக் காக்கும். எனவே நோயாளியின் சொந்த ஊர் எது, எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்பதும் நம் கேள்வித்தாளில் இடம்பெறவேண்டும். மாமல்லபுரத்தில் நாள் முழுதும் குனிந்து கல் செதுக்கும் சிற்பியிடமும், கோவளத்தில் வலை இழுப்பவரிடமும் தொழிலைக் கேட்காமல் பயிற்சி எழுதித் தருவது அரைகுறை மருத்துவம்.

இக்கருத்தரங்கின் முன் மூன்று பணிகளை வைக்கிறேன். முதலாவது, எம்.ஆர்.ஐ. கோரும் சீட்டில் நோயாளி நிற்காமல் நடக்கும் தூரத்தையும், எந்த நிலையில் வலி தணிகிறது என்பதையும் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவருவது. இரண்டாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் இயன்முறை மருத்துவர்களுக்கு, குனிந்து செய்யும் பயிற்சிகளையும் அபாய அறிகுறிகளையும் கொண்ட ஒரு பக்கத் தமிழ்க் கையேடு தயாரிப்பது. மூன்றாவது, அறுவை முடிந்த ஓராண்டில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதையே வெற்றியின் அளவாக வைத்து, செங்கல்பட்டு மாவட்ட மருத்துவமனைகள் பொதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்குவது.

இம்மூன்றிலும் இன்று மாலைக்குள் தீர்மானம் எட்ட வேண்டுகிறேன். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.