பச்சை மையும் வளையும் முள்ளும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேசும் அவையில் மையைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நம்மிற் சிலர் இன்னும் ஊற்றுப் பேனாவால் முதற்படி எழுதுகிறவர்கள். அவருள்ளும் பச்சை மையை விரும்புவோர் உளர். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா பச்சை மையில் எழுதியவர் என்பதை அறிந்து அவ்வழிச் சென்றோரும் உண்டு. நம் நாட்டிலோ பச்சை மை என்றதும் சான்றொப்பமிடும் அதிகாரியின் கையெழுத்தே பலர் நினைவுக்கு வரும். அதிகாரத்தின் நிறமாகக் கண்டதைக் கவிஞன் தன் நிறமாகக் கொள்வதில் தவறில்லை. எந்தப் பச்சையைக் கொள்வது என்பதே என் பேச்சு.

எழுத்தாணியால் ஓலையில் கீறிய காலத்தில் கோடு ஏறத்தாழ ஒரே அளவினது. கீறியபின் ஊமத்தையிலைச் சாற்றோடு கரியைக் குழைத்துத் தடவினர். பச்சிலைச் சாறு சேர்ந்தும் எழுத்துக் கருமையாகவே விளங்கிற்று. ஓலை கிழியுமென்று புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர். வளையும் முள் இதற்கு நேர்மாறானது. அழுத்தினால் அதன் இரு கிளைகளும் விரிந்து கோடு தடிக்கும். அழுத்தம் தளர்ந்தால் அவை கூடிக் கோடு மயிரிழையாக மெலியும். ககரத்தின் கீழிறங்கும் கோடு தடித்தும், ணகரச் சுழியின் மேலேறும் பகுதி மெலிந்தும் அமையும்.

இத்தகைய முள்ளுக்கு மை தேர்வதில் மூன்று பண்புகளை நோக்க வேண்டும்.

முதலாவது, ஓட்டம். கிளைகள் விரியும்போது மிகுந்த மை விரைந்து இறங்க வேண்டும். மந்தமான மையாயின் நடுவே வெண்மை விழுந்து, ஒரு கோடு தண்டவாளம் போல் இரண்டாகப் பிரியும். மிகையாக ஓடும் மையாயின் சுழிகள் அடைபட்டு, புள்ளி குளமாகிவிடும். தாளிலும் ஊறிப் பரவும்.

இரண்டாவது, அடர்த்தி. கடையில் புட்டியைக் கண்டோ தடித்த கோட்டைக் கண்டோ மயங்கலாகாது. மெல்லிய கோட்டையே பார்க்க வேண்டும். ஜப்பானியப் பைலட் நிறுவனத்தின் மைகளுள் மூங்கிற்காட்டின் பெயர் தாங்கிய ‘சிக்குரின்’ இளம் மஞ்சட்பச்சை. ‘ஷின்ரியோகு’ ஆழ்ந்த பச்சை. முன்னது தடித்த கோட்டில் அழகியது. மயிரிழையிலோ கண்ணுக்கு எட்டாது நழுவும். பின்னது இரண்டிலும் படிக்கத்தக்கது. எனவே இம்முள்ளுக்கு அடர்பச்சையே ஏற்றது. அழுத்தத்துக்கேற்ப ஒளியும் நிழலுமாய் நிறம் மாறும் அழகு அதிலும் கிட்டும்.

மூன்றாவது, நிலைபேறு. பச்சை மைகள் பலவும் நீரிற் கரையும் சாயங்களால் ஆனவை. நீலமும் மஞ்சளும் கலந்து பச்சையாக்கியவையும் அவற்றுள் உண்டு. மைத்துளியை ஊறுதாளில் இட்டு நீர் சொட்டினால் அவ்விரு நிறங்களும் வளையங்களாகப் பிரியக் காணலாம். வெயிலில் ஒரு சாயம் முந்தி வெளிறினால் எழுத்தின் நிறமே திரிந்துவிடும். நிறமித் துகள் கொண்ட மை நீரையும் ஒளியையும் பெரிதும் தாங்கும். ஆனால் பேனாவினுள் உலரவிட்டால் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி எழுதி, அவ்வப்போது கழுவும் பொறுமை உடையார்க்கே அது உரியது.

சோதனை எளிது. நீங்கள் வழக்கமாக எழுதும் தாளிலேயே, உங்கள் முள்ளாலேயே சில வரிகள் எழுதுங்கள். உலர்ந்தபின் ஒரு வரியில் நீர் சொட்டுங்கள். எஞ்சிய வரிகளைப் பாதி மறைத்துச் சன்னல் வெயிலில் சில வாரங்கள் வையுங்கள். விளம்பரம் சொல்லாததை அத்தாள் சொல்லும்.

இவ்வளவு கவலை எதற்கென்று கேட்கலாம். அச்சேறிய கவிதை அச்சில் வாழும். அடித்துத் திருத்திய சொல்லுக்கும், தயங்கி நின்ற வரிக்கும் கைப்படியன்றி வேறு புகலிடம் இல்லை. ஒரு கவிஞர் எதைத் தள்ளி எதைக் கொண்டார் என்பதை நாளை ஆராய்வோருக்கு அதுவே சான்று. ஒரு மழைக்காலத்து ஈரம் அதனை அழித்துவிடக் கூடாது. மடல்களுக்கும் வாழ்த்துகளுக்கும் விரும்பிய பச்சையைக் கொள்ளுங்கள். கவிதையின் முதற்படிக்கு நீரும் ஒளியும் தாங்கும் அடர்பச்சையையே தேர்ந்துகொள்ளுங்கள் என்று கவிஞர்களை வேண்டிக்கொள்கிறேன்.