தம்பிக்கு எந்த டர்ட் பைக்? முதல்ல காலை அளங்க

ஹெல்மெட் எபிசோடுக்குப் பிறகு வந்த வாய்ஸ் நோட்டுகளில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணே, பையனுக்கு 7 வயசு, டர்ட் பைக் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எது வாங்கலாம்?" கேட்கிறவங்க பெரும்பாலும் அப்பா கிடையாது. சித்தப்பா, மாமா, இப்பதான் சம்பளம் வாங்க ஆரம்பிச்ச அண்ணன். நானும் அந்தக் கட்சிதான். அக்கா மகனுக்கு 7 வயசு, எங்க ஊர் வழக்கப்படி எனக்கு மருமகன். காதுகுத்துக்கு மடியில உக்கார வச்சவன் பைக்கும் வாங்கித் தரணும்னு அவனா ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கான்.

அவனுக்காகத் தேடினதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

மதுரைப் பக்கம் பிறந்தவங்களுக்கு முதல் டர்ட் பைக் எதுன்னு கேட்டா, பெயர் தெரியாமலே பதில் சொல்லுவாங்க: டிவிஎஸ் 50. 1980-ல் வந்த வண்டி. 1911-ல் மதுரையில ஆரம்பிச்ச கம்பெனியோட குடும்பத்து வண்டிங்கிறதால நமக்குக் கொஞ்சம் சொந்தப் பெருமையும் உண்டு. புல்லுக்கட்டு, பால்கேன், அதுக்கு மேல அப்பா, முன்னாடி நின்னுக்கிட்டு நாம. பத்து வயசுல கரிசக்காட்டு வண்டிப்பாதையில அதை உருட்டிப் பழகின ஒரு தலைமுறையே இருக்கு. அதனாலதான் எங்க மச்சான் கேட்டார்: "எக்ஸெல் வீட்லயே நிக்குது, அதுல பழகட்டுமே, எதுக்குத் தனியா ஒண்ணு?"

நியாயமான கேள்விதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. இப்போ வர்ற எக்ஸெல் 100 வண்டி 85 கிலோவுக்கு மேல. சீட் தரையிலிருந்து கிட்டத்தட்ட 79 சென்டிமீட்டர். 7 வயசுப் பையன் சராசரியா 22, 23 கிலோ இருப்பான். அவனுடைய உள்கால் அளவு 55 சென்டிமீட்டர் பக்கம். அவனை மாதிரி மூணு பேரைவிட அதிக எடையுள்ள ஒண்ணு, கால் எட்டாத உயரத்துல. விழுந்தா அவன் மேலதான் விழும், அவனால தூக்க முடியாது, சைலன்சர் காலைச் சுட்டுக்கிட்டே இருக்கும்.

வண்டி பெயரைக் கேட்கிறதுக்கு முன்னாடி காலை அளங்க. பையனைச் செருப்பில்லாம சுவரோரமா நிக்க வைங்க. ஒரு நோட்டை இரண்டு காலுக்கும் நடுவுல வச்சு மேல தூக்கி, சீட்டுல உக்கார்ற மாதிரி இறுக்கமா பிடிங்க. நோட்டோட மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் அளந்தா அதுதான் உள்கால் அளவு. முதல் வண்டிக்கு இரண்டு பாதமும் தரையில முழுசாப் பதியணும். பெரியவங்க டர்ட் பைக்குல நுனிக்கால் எட்டினாப் போதும், பழகினவன் சமாளிச்சுக்குவான். குழந்தைக்கு அந்தக் கணக்கு ஆகாது. பேலன்ஸ் போனதும் அவன் செய்யற முதல் காரியம் கால் ஊன்றது.

இந்த அளவோட உலகத்துல பேர் வாங்கின வண்டிகளைப் பார்க்கலாம். யமஹா பிடபிள்யூ 50-ன்னு ஒண்ணு, 1980-களின் தொடக்கத்திலிருந்து பெரிசா உருவம் மாறாம வந்துக்கிட்டே இருக்கு. சீட் உயரம் 47.5 சென்டிமீட்டர், எடை 41 கிலோ. கியர் கிடையாது, செயினும் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ். அதுனால சின்ன விரல் செயின்ல மாட்டுற பயம் இல்லை. அதுல ஒரு ஸ்க்ரூ இருக்கு: அதைத் திருகி வச்சா ஆக்ஸிலரேட்டர் ஒரு அளவுக்கு மேல திரும்பாது. என்னைக் கேட்டா, குழந்தை வண்டியில விலை கொடுத்து வாங்க வேண்டிய முதல் பாகம் அந்த ஸ்க்ரூதான். அடுத்தது ஹோண்டா சிஆர்எஃப் 50. சீட் சுமார் 55 சென்டிமீட்டர், எடை 50 கிலோ, மூணு கியர், ஆனா கிளட்ச் பிடிக்க வேண்டாம். கொஞ்சம் வளர்ந்த பையனுக்கு அது அருமையான வாத்தியார்.

சிக்கல் என்னன்னா, இந்த ரெண்டையும் நம்ம ஊர் ஷோரூம்ல கேட்டா சேல்ஸ் தம்பி முழிப்பாரு. வெளிநாட்டிலிருந்து தனியா இறக்கினா வரி, அப்புறம் ஒரு பிரேக் லீவர் உடைஞ்சா மாசக்கணக்குல காத்திருப்பு. கவாஸாகி கேஎல்எக்ஸ் 110 இந்தியாவுக்கு அதிகாரபூர்வமா வந்த வண்டி. நல்ல வண்டி. ஆனா சீட் 68 சென்டிமீட்டர், எடை 76 கிலோ. 7 வயசுக்கு ஆகாது, 11, 12 வயசுக்குப் பேசலாம்.

அப்போ ஆன்லைன்ல வர்ற 49 சிசி மினி டர்ட் பைக்? மச்சான் போன்ல கார்ட்ல போட்டு வச்சிருந்தது அதுதான். கலர் பிரமாதம். நான் வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம் விலை இல்லை. அந்த மாதிரி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்ல கிளட்ச் பிடிக்கிற வரைக்கும் வண்டி நகராது, பிடிச்சதும் சட்டுனு பாயும். பயந்த குழந்தை என்ன செய்யும்? கைப்பிடியை இறுக்கும். இறுக்கும்போது மணிக்கட்டு கீழ இறங்கும், ஆக்ஸிலரேட்டர் இன்னும் திரும்பும், வண்டி இன்னும் பாயும். நாம "விடு, விடு"ன்னு கத்திக்கிட்டே பின்னாடி ஓடுவோம். கீழ விழுந்ததும் எஞ்சினை நிறுத்துற கயிறு, அதாவது ஒரு நுனி பையன் மணிக்கட்டுலயும் மறு நுனி வண்டியிலயும் மாட்டுறது, இருக்கான்னு கேளுங்க. பிரேக் லீவரைப் பையன் விரல் எட்டிப் பிடிக்க முடியுதான்னு பாருங்க. படத்துல இதெல்லாம் தெரியாது. நேர்ல பார்க்காம குழந்தைக்கு வண்டி வாங்காதீங்க.

எலெக்ட்ரிக் பக்கம் இப்போ நல்ல காலம். ஸ்டேசிக்னு ஒரு எலெக்ட்ரிக் பேலன்ஸ் பைக், சின்னதுல சீட் 33 சென்டிமீட்டர்தான். ஹீரோவோட வீடா பிராண்டுலயும் 4-லிருந்து 10 வயசு வரைக்கும்னு சொல்லி, வளர வளர உயரம் கூட்டிக்கிற மாதிரி ஒரு குழந்தைகள் டர்ட் பைக் வந்திருக்கு. எலெக்ட்ரிக்ல எனக்குப் பிடிச்சது சத்தம் இல்லாததுதான். நாம சொல்றது பையன் காதுல விழும். வேகத்தையும் பெரியவங்க கையில பூட்டி வச்சுக்கலாம்.

சரி, வண்டி கிடைச்சாச்சு. எங்க ஓட்டுறது?

இங்கதான் எல்லாரும் "கண்மாய் இருக்கே அண்ணே"ங்கிறாங்க. கோடையில வத்தின கண்மாய் பார்க்க மைதானம் மாதிரிதான் இருக்கும். இறங்கி நடந்து பாருங்க. சீமைக்கருவேல முள்ளு. வண்டல் அள்ளின பள்ளம், விளிம்பு வரைக்கும் போற வரை கண்ணுக்கே தெரியாது. திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல்னா வெயில்ல பாளம் பாளமா வெடிச்சிருக்கும். சின்னச் சக்கரம் அந்த வெடிப்புல இறங்கினா அப்படியே நின்னுடும், பையன் மட்டும் முன்னாடி போவான். அழகர்கோவில் பக்கத்துச் செம்மண் பரவாயில்ல, ஆனா மேல பரவிக் கிடக்கிற சரளைக்கல் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும்.

சட்டமும் இருக்கு. பொது இடத்துல 18 வயசுக்குக் கீழ வண்டி ஓட்டக் கூடாது. 50 சிசி-க்கு மிகாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 16. பொது இடம்னா தார் ரோடு மட்டும் இல்லை, பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடமெல்லாம் சேரும். கண்மாய் அதுல வராதுன்னு போலீஸ்கிட்ட வாதாட நான் தயாரில்ல. 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவுப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தா பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. 7 வயசு ஆசைக்கு 25 வயசு வரைக்கும் தண்டனைன்னா யோசிங்க.

அதனால தெரிஞ்சவங்க தோட்டம், வேலி போட்ட சொந்த நிலம், ஓனர்கிட்ட வாயால இல்லாம எழுத்துல ஒரு அனுமதி. வண்டியைக் குட்டியானையில ஏத்திக் கொண்டு போங்க. "பக்கத்துல தானே, ஓட்டிட்டே போயிடலாம்" வேண்டவே வேண்டாம். கிணறு இருக்கிற தோட்டம்னா சுத்துச்சுவர் இருக்கான்னு முதல்ல பாருங்க. நம்ம பக்கத்துல தரைமட்டக் கிணறு எத்தனைன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ கொஞ்சம் கஷ்டமான பேச்சு. 2023 ஆகஸ்ட் 5, சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக். தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்துல பெங்களூருப் பையன் ஷ்ரேயஸ் ஹரீஷ் விழுந்து, தலையில அடிபட்டு இறந்துட்டான். வயசு 13. திறமைசாலி, அந்த சீசன்ல ஜெயிச்சுக்கிட்டு இருந்தவன். அது மண் டிராக் இல்லை, தார் டிராக், வேகமும் வேற. ஆனா அங்க பயிற்சி இருந்துச்சு, பாதுகாப்பு உடை இருந்துச்சு, மருத்துவக் குழு இருந்துச்சு. நம்ம தோட்டத்துல என்ன இருக்கு? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், கார் லைசென்ஸ் வாங்குற வயசு வராத பிள்ளைங்க இந்த மாதிரி வண்டியே ஓட்டக் கூடாதுங்குது. நான் அவ்வளவு தூரம் போகல. ஆனா அந்த டாக்டர்களைப் பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கிறவங்க ஒரு தடவை அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவு வாசல்ல அரைமணி நேரம் உக்காந்து பார்க்கட்டும்.

எங்க வீட்டு முடிவைச் சொல்றேன். மருமகன் இன்னும் சைடு வீல் வச்ச சைக்கிள்தான் ஓட்டுறான். அதனால முதல் வேலை அதைக் கழட்டுறது. ரெண்டு சக்கரத்துல எட்டு போட்டு, கால் ஊனாம நிறுத்திக் காட்டினா அப்புறம் எலெக்ட்ரிக், அதுவும் குறைஞ்ச வேகத்துல. பெட்ரோல் வண்டிப் பேச்சு 10 வயசுக்கு மேல. பட்ஜெட்ல கால் பங்கு உடைக்கு: முகத்தாடை மூடுற ஹெல்மெட், கண்ணாடி, முழங்கால் முழங்கை காப்பு, கணுக்கால் மூடுற பூட்ஸ், கையுறை. ஹெல்மெட் வளர்ந்த பிறகும் ஆகட்டும்னு பெரிசா வாங்காதீங்க, அது பள்ளிக்கூட யூனிஃபார்ம் இல்லை. வெயில் ஏறினா குழந்தைக்கு ஹெல்மெட்டுக்குள்ள மயக்கம் வரும், அதனால காலை 6-லிருந்து 8 வரைதான், நடுவுல நடுவுல தண்ணி. முதல் நாள் எஞ்சினே போட மாட்டோம். நான் தள்ளுவேன், அவன் பிரேக் பிடிப்பான். அது மட்டும்தான்.

மச்சானுக்கு இதுல முழு சம்மதம் இல்லை. கார்ட்ல அந்த வண்டி இன்னும் கிடக்கு, அக்காதான் ஓடிபி தர மறுத்துட்டா.

உங்க வீட்டுப் பொடியனுக்கு என்ன வாங்கலாம்னு கேட்டு அனுப்புறவங்க வயசோட உள்கால் அளவையும், எடையையும், ஓட்டப் போற இடத்தோட ஒரு போட்டோவையும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பழைய வண்டி வாங்கும்போது எதைத் தட்டிப் பார்க்கணும்னு பேசுவோம்.