நெசவாளர் வளர்த்த சிறுநாய்

எங்கள் வெண்ணந்தூர் தறிக்காரர்களின் ஊர். கஞ்சி தோய்த்த பாவில் ஓர் இரவு எலி வாய் வைத்துவிட்டால் போதும். மறுநாள் முழுவதும் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பதிலேயே கழியும். அன்றைய கூலி போனதுதான். நெசவாளனுக்கு எலியால் வரும் துன்பம் எல்லா நாட்டிலும் ஒன்றே. அத்துன்பத்தின் காரணமாகப் பெருமை பெற்ற ஒரு சிறு நாயைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பட்டுப் போன்ற நீண்ட மயிருடன், நெற்றியில் நாடா கட்டி, செல்வர் மடியில் வீற்றிருக்கும் யார்க்‌ஷயர் டெரியரை நேயர்களிற் பலர் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். அதன் எடை ஏறத்தாழ 3 கிலோ. அதை அழகுப் பொம்மை என்றே எண்ணத் தோன்றும். ஆனால் அதன் குலத்தொழில் வேறு. 'டெரியர்' என்னும் சொல்லுக்கு மூலம், மண்ணைக் குறிக்கும் 'டெர்ரா' என்ற இலத்தீன் சொல். மண்ணைப் பறித்து, வளைக்குள் புகுந்து இரையைப் பிடிக்கும் இனம் அது.

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்று ஒரு நெசவு நகரம். நம் சேலைக் கரையில் ஓடும் மாங்காய்ப் புட்டாவுக்கு ஆங்கிலத்தில் அவ்வூரின் பெயரே வழங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஸ்காட்லாந்து நெசவாளர் பலர் பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆலைகளுக்குக் குடிபெயர்ந்தனர். தம் சிறு நாய்களையும் உடன் கொண்டு சென்றனர். அவற்றின் வழியில் உருவானதே இவ்வினம். 1865 முதல் 1871 வரை வாழ்ந்த 'ஹடர்ஸ்ஃபீல்ட் பென்' என்ற நாயை இதன் குலமுதல்வன் என்பர். அழகுப் போட்டியிலும் எலி பிடிக்கும் போட்டியிலும் ஒருங்கே வென்றது அது!

இந்த வரலாறு நமக்கு எதற்கு? வீட்டில் டெரியர் வளர்ப்போர்க்கு இதுவே முதற்பாடம். அது தோட்டத்தைத் தோண்டினால் குறும்பு அன்று; சிறு ஓசைக்கும் குரைத்தால் பிடிவாதம் அன்று. பாட்டன் கற்ற தொழிலைப் பேரன் மறக்கவில்லை, அவ்வளவே. கட்டிப்போட்டு அடிப்பது கொடுமை. நாள்தோறும் நடக்க விடுங்கள். பந்தை ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். தோண்டுவதற்கென ஒரு மூலையில் மணல் குவித்துக் கொடுங்கள்.

சேலத்துச் சமவெளியின் வெயில் அந்த நீண்ட மயிருக்கு ஏற்றதன்று. கோடையில் மயிரைக் கத்தரித்து, காலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே அழைத்துச் செல்க. வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு நாய்க்கு நஞ்சு. எலிப்பாஷாணம் வைத்த வீட்டில் நாயை எலி பிடிக்க விடலாகாது. நஞ்சுண்ட எலியைத் தின்றால் நாயும் மடியும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். அது நாய்க்கும் வரும், மனிதர்க்கும் வரும். ஆகவே அதற்குரிய தடுப்பூசியும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, மருத்துவர் கூறும் கால அளவில் தவறாது தொடர வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் அசட்டை கூடவே கூடாது.

ஏழை நெசவாளனின் நூலைக் காத்த உயிர் அது. அழகுக்காக மட்டும் அதை வாங்குவோர், அதன் உழைப்பையும் மதித்து வளர்ப்பதே முறை.